ஆயாவின் முகம் எந்த ஃபைலில் இருக்கிறது?

போன வாரம் நேயர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "புதுசா கேமரா வாங்கியிருக்கேன் ப்ரோ. ரா-வில் எடுக்கணுமா, ஜேபெக்கில் எடுக்கணுமா?" ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனா இந்தக் கேள்வியில் எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கு. அதைச் சொல்லாமல் என்னால் பதில் சொல்ல முடியாது.

2014, ஆடி அமாவாசை. எங்க ஊர் திண்டிவனம். அங்கிருந்து செஞ்சி போய், செஞ்சியில் பஸ் மாறி மேல்மலையனூர் போனோம். நான், அம்மா, ஆயா. ஆயான்னா அம்மாவோட அம்மா, எங்க பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். அமாவாசை ராத்திரி அங்காளம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம். நள்ளிரவு நெருங்க நெருங்க கூட்டம் தரையில் உட்கார இடமில்லாமல் நெருக்கும். அம்மன் ஊஞ்சலில் வந்து உட்கார்ந்ததும் ஆயிரக்கணக்கான கைகளில் கற்பூரம் எரியும். என் கையில் நண்பனிடம் இரவல் வாங்கிய கேமரா. 4 ஜிபி கார்டு. நிறைய படம் பிடிக்கணும்ங்கிற பேராசையில் ஜேபெக் மட்டும் போட்டுக்கிட்டேன். பிக்சர் ஸ்டைல் 'விவிட்'. ஒயிட் பேலன்ஸ் மட்டும், முந்தின நாள் வீட்டில் குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்தபோது வைத்த பல்பு படத்திலேயே இருந்தது. நான் கவனிக்கலை.

உற்சவம் முடிந்து வெளியே ஒரு வளையல் கடையின் டியூப்லைட் கீழே ஆயா திரும்பிச் சிரித்தாள். நெற்றி நிறையக் குங்குமம். ஒரே ஒரு ஷாட். படம் நல்லா விழுந்தது, முகம் மட்டும் நீலம்.

அப்போ சிரிச்சிட்டு விட்டுட்டோம். 2017-ல் ஆயா போன பிறகு, மாட்டி வைக்க ஒரு படம் தேடினப்போ அவள் சிரிக்கிற படம் அது ஒண்ணுதான் இருந்தது. ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தோம். அவங்க நீலத்தை எடுத்தாங்க. எடுத்த இடத்தில் கன்னத்தில் திட்டுத்திட்டா வந்தது. திட்டை மறைக்க வழுவழுன்னு தேய்ச்சாங்க. கடைசியில் மாநிறத்துக்கும் மேலே ஒரு வெளுத்த அம்மாள் ஃபிரேமில் வந்தாங்க. அம்மா ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இது யாருடா? எங்கம்மா கறுப்புடா"ன்னாங்க.

சரி, தப்பு என்னோடது. ஆனா அந்த நீலம் ஏன் போகலை? அதைப் புரிஞ்சுக்கணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

கேமராவுக்கு செட்டிங் என்பது டிஜிட்டல் காலத்துச் சமாசாரம் இல்லை. 1850-களில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர் லின்னேயஸ் ட்ரைப், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. 1858-ல் ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றிப் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 பிரிண்டுகளாக ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். பனோரமா மோடுக்கு முப்பாட்டன்! அடுத்த வருஷமே புது கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன், செலவு அதிகம்னு அந்த வேலையையே நிறுத்திட்டார். அது தனி எபிசோடுக்கான கதை.

ட்ரைப் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகடிவ். அந்தக் காலத்து வெள்ளி உப்புக்கு நீலம்தான் கண்ணுக்குத் தெரியும். மஞ்சளும் சிவப்பும் கிட்டத்தட்ட தெரியாது. அதனால் வானம் வெறும் வெள்ளையாக விழும். ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகடிவ் மேலேயே வண்ணம் பூசி மேகம் வரைந்தார். பர்மாவில் 1855-ல் எடுத்த படங்களில் அந்த வேலையைப் பார்க்கலாம். 'எடிட் பண்ணாத பழைய படம்'னு யாராவது பெருமூச்சு விட்டா எனக்குச் சிரிப்பு வரும்.

இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க. அந்தக் காகிதத்தை எடுத்துக்கிட்டு மேல்மலையனூர் வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? மஞ்சள் பூசிய முகம் இருண்டு விழும். குங்குமம் கறுப்பு. மாசி மாசம் சிவராத்திரி முடிந்து மயானக் கொள்ளை நடக்குமே, அம்மன் வேஷம் கட்டிய முகங்களின் சிவப்பு, இறைபடும் தானியம், எலுமிச்சை, எல்லாம் ஒரே இருட்டு. ஜெர்மன் வேதியியலாளர் வோகல் 1873-ல் சாயம் சேர்த்துப் பச்சையும் மஞ்சளும் தெரிய வைக்க வழி கண்டுபிடித்தார். சிவப்பு சரியாகத் தெரிய இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. நம்ம ஆத்தாவின் நிறம் அதுவரைக்கும் கேமராவுக்கு நிறமே இல்லை.

அப்புறம் நம்ம ஊர் ஸ்டுடியோக்கள் வந்தன. வாடிக்கையாளருக்குப் பிரிண்ட், கடைக்காரருக்கு நெகடிவ். நெகடிவ் மேல் நுனி சீவிய பென்சிலால் டச்சப். நெகடிவில் கறுப்பு ஏறினால் பிரிண்டில் வெளுப்பு. அப்படித்தான் கல்யாணப் பொண்ணுங்க ஒரு சுற்று சிவந்து வந்தாங்க. ஆனா ஒரு நல்லது: பிரிண்ட் போனா நெகடிவ் இருக்கும், நம்பர் சொன்னா திரும்பப் போட்டுத் தருவாங்க. கடைகள் மூடினபோது எத்தனையோ நெகடிவ்கள் அதில் இருக்கும் வெள்ளிக்காக எடைக்குப் போயின. தப்பிய சிலவற்றைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர்கள் தேடிப்பிடித்து டிஜிட்டலாக்கினார்கள். பிரிட்டிஷ் லைப்ரரியின் அழியும் ஆவணங்கள் திட்டம் அதற்குக் கைகொடுத்தது.

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். ரா என்பது நெகடிவ். ஜேபெக் என்பது பிரிண்ட்.

கேமரா சென்சாருக்கு நிறமே தெரியாது, வெளிச்சத்தை மட்டும் எண்ணும். கோடாக் கம்பெனியின் பிரைஸ் பேயர் ஒரு யோசனை சொன்னார், 1976-ல் காப்புரிமை கிடைத்தது: ஒவ்வொரு புள்ளி மேலும் ஒரு குட்டிக் கண்ணாடி, பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். இந்த எண்ணிக்கையை அப்படியே எழுதி வைத்தால் அது ரா. 14 பிட் கேமராவில் ஒவ்வொரு புள்ளிக்கும் 16,384 படிகள். ஒயிட் பேலன்ஸ், விவிட், போர்ட்ரெய்ட், ஷார்ப்னஸ் எல்லாம் அதில் பக்கத்தில் ஒட்டிய சீட்டு மாதிரி. சீட்டைக் கிழிச்சுப் போட்டு வேற எழுதலாம். ஜேபெக்கில் அந்தச் சீட்டில் இருப்பதை கேமராவே சமைத்து முடித்துவிடும். ஒரு நிறத்துக்கு 256 படிதான் மிச்சம்.

அந்தச் சமையல் குறிப்பில் நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர் இருக்கார். பெங்களூரில் பிறந்து அங்கேயே பொறியியல் படித்து அமெரிக்கா போன நசீர் அகமது. ஒரு படத்தை அலைகளாகப் பிரித்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அலைகளைத் தூக்கி எறிந்துவிடலாம் என்பது அவருடைய வழி. 1972-ல் இதற்கு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. விடாமல் டி. நடராஜன், கே. ஆர். ராவ் என்ற இருவரோடு சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். 1992-ல் தரநிலையான ஜேபெக்கின் அஸ்திவாரம் அதுதான். இன்னைக்கு வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் ரோஜாப்பூ வரைக்கும் அந்தக் கணக்குதான் ஓடுது.

ஜேபெக் படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டும். வெளிச்ச விவரத்தைப் பத்திரமா வைக்கும், நிற விவரத்தைப் பெரும்பாலும் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைக்கும். நம் கண் நிறத்தில் அவ்வளவு கறார் இல்லை என்பதால் சாதாரணமாக இது தெரியாது. ஆனா ஆயா படத்தில் என்ன நடந்தது? குண்டு பல்பின் மஞ்சளைச் சமன் செய்வதாக நினைத்து கேமரா சிவப்பைக் குறைத்து நீலத்தை ஏற்றியது. டியூப்லைட் கீழே அது அளவுக்கு மிஞ்சிப் போனது. நீலம் நெற்றியின் பளபளப்பில் 255-ல் முட்டி நின்றுவிட்டது. விவிட் அதை இன்னும் தள்ளியது. மிச்ச நிறத்தைக் கட்டம் கட்டிச் சுருக்கியாச்சு. ஸ்டுடியோக்காரர் திருப்பி இழுத்தபோது வந்த திட்டுகள் அந்தக் கட்டங்கள். அவள் தோலின் நிறம் அந்த ஃபைலில் இல்லவே இல்லை. அதனால அவர் தனக்குத் தெரிந்த நிறத்தைப் போட்டார், வெள்ளை.

அப்போ ஜேபெக் மோசமா? அப்படிச் சொல்ல மாட்டேன். 2015 நவம்பரில் ராய்ட்டர்ஸ், ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரர்களிடம் ரா-விலிருந்து செய்த படங்கள் வேண்டாம், கேமராவிலேயே ஜேபெக்காக எடுத்ததை அனுப்புங்கள் என்றது. வேகமும் வேணும், கைவைக்காத படமாவும் இருக்கணும் என்பது காரணம். அதே வருஷம் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் இறுதிக்கு முந்தைய சுற்றின் படங்களில் 5-ல் 1 பங்கு கழிக்கப்பட்டது. எப்படிக் கண்டுபிடிச்சாங்க? மூல ஃபைலைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்த்து! ஒருத்தருக்கு ரா-தான் சந்தேகம், இன்னொருத்தருக்கு அதுவே சாட்சி. என் ஓட்டு ரெண்டாவது கட்சிக்கு. ஆனா கிரிக்கெட் மேட்ச் எடுத்து அஞ்சு நிமிஷத்தில் அனுப்பணும்னா நானும் ஜேபெக்தான் போடுவேன்.

ரா போட்டா எல்லாம் தப்பிச்சிடும்னும் நினைக்காதீங்க. கற்பூரச் சுடர் வெந்து வெள்ளையாப் போனா ரா-விலும் ஒன்றும் இருக்காது. ஃபோகஸ், ஷட்டர் ரெண்டும் அந்த நொடியோடு சரி. இருட்டான கோயிலில் கேமராவின் மீட்டர் எல்லாவற்றையும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும், சுடரும் குங்குமமும் வெந்து வெளுத்திடும். கொஞ்சம் குறைச்சு எடுங்க. ஹிஸ்டோகிராமில் சிவப்பைத் தனியாப் பாருங்க. இடம் இருந்தா ரெண்டையும் சேர்த்துப் போடுங்க, கார்டு இப்போ மலிவு. போனில்கூட பல மாடல்களில் ரா இருக்கு, செட்டிங்கில் ஒளிச்சு வெச்சிருப்பாங்க. அப்புறம், தமிழில் 'ரா'ன்னா ராத்திரி. ராத்திரிக்கு ரா. மறக்காது.

போன மாசி மாசம் அம்மாவைக் கூட்டிக்கிட்டு மறுபடி மேல்மலையனூர் போனேன். வளையல் கடைகளில் இப்போ எல்.ஈ.டி. அம்மாவை நிக்க வெச்சு எடுத்தேன். கேமரா போட்டுக் கொடுத்த ஜேபெக்கில் அம்மா கொஞ்சம் சிவப்பாத் தெரிஞ்சாங்க. வீட்டுக்கு வந்து ரா-வைத் திறந்து, பக்கத்தில் அவங்களையே உட்கார வெச்சு, முகத்தைப் பார்த்துப் பார்த்து நிறத்தைக் கொண்டுவந்தேன்.

"இன்னும் கொஞ்சம்"ன்னாங்க. இறக்கினேன். "இன்னும்." இறக்கினேன். திரையையே பார்த்துக்கிட்டு இருந்தவங்க மெதுவா, "நிறுத்து. இப்போ எங்கம்மா மாதிரி இருக்கேன்"ன்னாங்க.