யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பர்ன் வரை: தர்ஜினி சிவலிங்கத்தின் பந்துப் பயணம்



"டீச்சர், பந்து விளையாடினா சோறு கிடைக்குமா?"

மலாக்காத் தமிழ்ப்பள்ளிகளில் வலைப்பந்துப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியைகள் எல்லாரும் இக்கேள்வியை ஒரு முறையேனும் கேட்டிருப்போம். கேட்பவர் பெரும்பாலும் தாயாராக இருப்பார். அவர் கேட்பதில் நியாயம் உண்டு. பால்மரக் காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் உழைத்து வளர்ந்த குடும்பங்கள் நம்முடையவை; பயன் தராத ஒன்றில் பிள்ளையின் நேரம் செலவாவதை அவர்கள் விரும்புவதில்லை. எனவே அக்கேள்விக்கு அறிவுரையால் அல்லாமல் வரலாற்றால் விடை சொல்ல விழைகிறேன்.

உலகில் கூடைப்பந்து ஒரு தொழில். அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் ஒரு பருவத்திற்கு இடம் பெறுவோர் சில நூறு பேர் மட்டுமே. எஞ்சிய ஆட்டக்காரர்கள் பருவத்திற்கு ஒரு நாடு, ஆண்டிற்கு ஓர் ஒப்பந்தம் என்று ஊர் ஊராகச் சென்று ஆடிப் பிழைக்கிறார்கள். கனடாவில் பிறந்த பஞ்சாபியரான சிம் புல்லார் 2015ஆம் ஆண்டு சாக்ரமெண்டோ கிங்ஸ் அணிக்காகக் களமிறங்கி, என்.பி.ஏ.வில் ஆடிய முதல் இந்திய வம்சாவளியினர் ஆனார். அங்கு அவர் ஆடியவை மூன்றே ஆட்டங்கள். அதன்பின் தைவானிலும் சீனாவிலும் ஆடிப் பொருளீட்டினார். பஞ்சாப் மாநிலச் சிற்றூரில் பிறந்த சத்னாம் சிங்கை அதே 2015இல் டாலஸ் மேவரிக்ஸ் அணி 52ஆவது வீரராகத் தேர்ந்தெடுத்தது. ஏழடிக்கு மேற்பட்ட உயரம் இருந்தும் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. துணை லீக்கிலும் கனடாவிலும் ஆடிவிட்டுப் பின்னர் மல்யுத்த அரங்கிற்குச் சென்றார்.

நம் நாட்டில் கூடைப்பந்து பெரும்பாலும் சீனப்பள்ளித் திடல்களில் வளர்ந்த விளையாட்டு. ஆயினும் குகனேஸ்வரன் பத்துமலை, சத்தியசீலன் குப்புசாமி ஆகிய இருவரும் தேசியக் குழுவிலும், 2016இல் ஆசியான் கூடைப்பந்து லீக்கை வென்ற மலேசிய டிராகன்ஸ் அணியிலும் ஆடினர். ஆண்களுக்கே வழி இத்துணை குறுகலாயின், தமிழ்ப் பெண் ஒருத்தி பந்தைக் கையில் ஏந்திக் கடல் கடக்க முடியுமா?

முடிந்திருக்கிறது. அவர் பெயர் தர்ஜினி சிவலிங்கம். அவர் ஆடியது கூடைப்பந்தின் தங்கையான வலைப்பந்து.

'தங்கை' என்றதற்குக் காரணம் உண்டு. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். சில ஆண்டுகளில் அவ்விளையாட்டு இங்கிலாந்தை அடைந்தது. அங்கு மார்ட்டினா பெர்க்மன் ஆஸ்டர்பெர்க் என்னும் அம்மையார் நடத்திய உடற்கல்வி ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரியில் மாணவியர் அதைப் பெண்களுக்கேற்ப மாற்றி ஆடினர். 1901இல் அதன் விதிகள் அச்சேறின. ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரியில் பிறந்து, ஆசிரியைகளின் கைவழியே பிரித்தானியப் பேரரசு எங்கும் பரவிய விளையாட்டு இது என்பதை எண்ணும்போது, பயிற்சிக் கழகத்தில் படித்து வந்த நமக்கு ஒரு நெருக்கம் தோன்றுகிறதல்லவா? ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970 வரை இதற்குப் 'பெண்கள் கூடைப்பந்து' என்றே பெயர். நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த விதிகளை ஒன்றாக்க 1960இல் அனைத்துலகப் பேராளர்கள் கூடியது இலங்கையில்தான்.

அந்த இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணக் குடாநாட்டின் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த ஈவினை என்னும் சிற்றூரில் 1979இல் பிறந்தவர் தர்ஜினி. வயாவிளான் மத்திய கல்லூரியில் பயின்றார். வயாவிளான் என்பது பலாலி விமானத் தளத்தை அடுத்த பகுதி. 1990 முதல் அவ்வட்டாரத்து மக்கள் தம் வீடுகளையும் பள்ளிகளையும் விட்டு இடம்பெயர நேர்ந்தது. 1995 அக்டோபர் இறுதியில், போர் நெருங்கியதால் வலிகாமம் மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவில் ஊரைக் காலி செய்து தென்மராட்சி நோக்கி நடந்தனர். தர்ஜினியின் தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிப் பருவத்தைக் கழித்தது இத்தகைய காலத்தில். திடலும் பந்தும் கிடைப்பதே அரிதாயிருந்த காலம் அது.

இதனோடு அவருக்கு இன்னொரு சுமையும் இருந்தது. அவர் வளர்ந்துகொண்டே போனார். முழு உயரம் 208 சென்டிமீட்டர்; ஏறத்தாழ ஆறடி பத்து அங்குலம். ஊர் அவரைக் கேலி செய்ததைப் பின்னாளில் நேர்காணல்களில் அவரே கூறியிருக்கிறார். உயரமான பெண்ணை நம் சமூகம் எப்படி அழைக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பனைமரம், ஒட்டகச்சிவிங்கி, நெட்டச்சி. இச்சொற்கள் நம் வகுப்பறைகளிலும் ஒலிக்கின்றன. ஆசிரியர் அறையிலும் சில வேளைகளில் ஒலிக்கின்றன.

வலைப்பந்துத் திடலில் அதே உயரத்தின் பொருள் வேறு. கோல் வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கூடைப்பந்தைப் போல அதன் பின்னே பலகை கிடையாது. பந்தைப் பிடித்தவர் ஓடக்கூடாது. மூன்று வினாடிகளுக்குமேல் கையில் வைத்திருக்கவும் கூடாது. எழுவர் கொண்ட அணியில் இருவர் மட்டுமே கோல் எறியலாம். அதுவும் கோல் வட்டத்திற்குள் நின்றுதான் எறிய வேண்டும். தடுப்பவர் 90 சென்டிமீட்டர் விலகி நிற்க வேண்டும். 208 சென்டிமீட்டர் உயரமுள்ளவரின் உச்சந்தலைக்கும் வளையத்திற்கும் இடையே ஒரு மீட்டர்கூட இல்லை. அவர் கையை உயர்த்தி நின்றால், எதிரணியினர் எட்டாத உயரத்தில் பந்து அவரிடம் வந்து சேரும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பந்து தானாக வந்து சேராது. யாராவது அதைச் சரியான உயரத்தில், சரியான நொடியில் வீச வேண்டும். தமிழ்ச் சூழலில் வளர்ந்த ஒருவர், பெரும்பாலும் சிங்களம் பேசும் தேசிய அணியில் சேர்ந்து, அணித்தோழியரோடு அந்த ஒத்திசைவைக் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. போர் நடந்துகொண்டிருந்த நாட்டில் இது சிறு செயலன்று.

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்குப்பின் அவர் மட்டக்களப்பிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். பின்னர் கொழும்பில் செலான் வங்கியின் அணிக்காக ஆடினார். இலங்கையில் வணிக நிறுவனங்களுக்கிடையே வலைப்பந்துப் போட்டிகள் நடைபெறுகின்றன. ஆட்டத்திறன் உள்ள பெண்களுக்கு அந்நிறுவனங்கள் வேலையும் கொடுத்து அணியிலும் சேர்த்துக்கொள்கின்றன. தாய்மார்களே, உங்கள் கேள்விக்கு முதல் விடை இதோ: சோறு கிடைத்தது, ஒரு வங்கியின் வழியாக.

2009இல் ஆசிய வலைப்பந்துப் போட்டி நம் தலைநகர் கோலாலம்பூரில் நடைபெற்றது. இலங்கை வாகை சூடியது. தர்ஜினி அவ்வணியில் இருந்தார். மலாக்காவிலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் ஒரு தமிழ்ப் பெண் ஆசியக் கிண்ணத்தை வென்றிருக்கிறார். 2011இல் சிங்கப்பூரில் நடைபெற்ற உலகப் போட்டியில் மிகச் சிறந்த கோல் எறிபவராக அவர் விளங்கினார். அப்போட்டி அவரை ஆசியாவுக்கு அப்பாலும் அறிமுகப்படுத்தியது.

அவருடைய வெளிநாட்டு ஆட்ட வாழ்க்கை அமைந்தது ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில். அங்கு சிட்டி வெஸ்ட் ஃபால்கன்ஸ் கழகத்திற்காக ஆடினார். இது விக்டோரியா மாநில அளவிலான லீக்கில் ஆடும் கழகம். நாட்டின் முதல்நிலைத் தொழில்முறைப் போட்டிக்குக் கீழே உள்ளது. வலைப்பந்து ஒலிம்பிக்கில் இடம்பெறாத விளையாட்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கோடிகள் புரளும் களமன்று அது. புல்லாரும் சத்னாமும் நடந்த அதே பாதைதான்: உச்சிக்குச் சற்றுக் கீழே, அயல் மண்ணில், திறமையை மட்டுமே நம்பி ஆடும் பாதை.

இதே மெல்பர்னில் அவருக்கு முன்னரே இன்னொரு தென்னாட்டுப் பெண் ஆடியிருக்கிறார். கேரளத்தில் பிறந்து, சென்னையில் தென்னக இரயில்வேயில் பணியாற்றிய கீத்து அன்னா ஜோஸ் என்னும் கூடைப்பந்தாட்ட வீராங்கனை, 2006 முதல் 2008 வரை ரிங்வுட் ஹாக்ஸ் கழகத்திற்கு ஆடினார். 2011இல் அமெரிக்கப் பெண்கள் லீக்கின் மூன்று அணிகள் அவரைத் தேர்வுப் பயிற்சிக்கு அழைத்தன. இடம் கிட்டவில்லை. ஆயினும் அவர் வெறுங்கையோடு நிற்கவில்லை. இரயில்வே வேலை இருந்தது, இந்திய அணி இருந்தது. ஒருவருக்கு வங்கி, மற்றவருக்கு இரயில்வே. அயல்நாட்டுக் கனவு பலித்தாலும் பலிக்காவிட்டாலும் தாங்கிக்கொள்ளத் தாய்மண்ணில் ஒரு வேலை இருந்ததால்தான் இருவராலும் துணிந்து புறப்பட முடிந்தது.

தர்ஜினியின் கதை மெல்பர்னோடு முடியவில்லை. 2018இல் சிங்கப்பூரில் நடைபெற்ற ஆசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் இலங்கை, சிங்கப்பூரை 69-50 என்ற கணக்கில் வென்றது. ஒன்பது ஆண்டுகளுக்குப்பின் மீண்ட கிண்ணம் அது. அவ்வணியில் எழிலேந்தினி சேதுகாவலர் என்னும் இன்னொரு தமிழ்ப் பெண்ணும் இருந்தார். ஒருவர் திறந்த கதவின் வழியே மற்றொருவரும் நுழைய முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? 2019இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் நடைபெற்ற உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள் எறிந்து, அத்தொடரிலேயே மிகுதியான கோல் எறிந்தவரானார் தர்ஜினி. அப்போது அவருக்கு வயது 40. 2022இல் மீண்டும் ஆசியக் கிண்ணம். 2023இல் கேப் டவுன் உலகக் கிண்ணம். தம் நாற்பத்து நான்காம் வயதில், அணித்தோழியர் பலர் தமக்கு மகள் வயதினராக இருக்க, அவர் வளையத்தின் கீழ் நின்றார்.

இவ்வரலாற்றை 'உயரமாகப் பிறந்ததால் வென்றார்' என்று சுருக்கிவிடலாம். அப்படிச் சுருக்கினால் அது பிழை. உயரம் மட்டும் போதுமாயின் சத்னாம் சிங் இன்று என்.பி.ஏ. நாயகராகத் திகழ்ந்திருப்பார். தர்ஜினியைக் கொண்டுசென்றது ஒரு சங்கிலி: பள்ளி, பல்கலைக்கழகம், வங்கி, தேசிய அணி, அயல்நாட்டுக் கழகம். இதில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும், ஈவினையில் ஒரு நெட்டைப் பெண் கூனிக் குறுகி வாழ்ந்து முடித்திருப்பார்; நமக்குத் தெரிந்தே இராது.

இனி நம் நிலைக்கு வருவோம். மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஜாசின், மெர்லிமாவ், ரெம்பியா, டுரியான் துங்கல், பூலாவ் செபாங் என்று ஊர்தோறும் நம் பிள்ளைகள் வலைப்பந்து ஆடுகிறார்கள். ஆனால் தோட்ட மக்கள் பட்டணம் பெயர்ந்ததால், தோட்டப் பள்ளிகள் சிலவற்றில் மேல்வகுப்பு மாணவியர் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணக்கூடியதாகிவிட்டது. எழுவர் சேர்வதே பெரும்பாடு. சேர்ந்தாலும் ஐந்தாம், ஆறாம் ஆண்டில் தாயார் வந்து பிள்ளையை நிறுத்திவிடுகிறார். முன்பு யு.பி.எஸ்.ஆர். காரணமாயிருந்தது. 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டது, நிறுத்துவது நிற்கவில்லை. வெயிலில் கறுத்துப்போவாள், இன்னும் உயர்ந்துவிட்டால் மாப்பிள்ளை கிடைக்காது என்பவையே உண்மைக் காரணங்கள்.

அடுத்த கண்ணி அறுவது ஆறாம் ஆண்டிற்குப்பின். நம் மாணவி இடைநிலைப்பள்ளிக்குப் போகிறாள். மொழி மாறுகிறது, தோழியர் மாறுகிறார்கள். அவள் கோல் எறிவாள் என்பதை அங்கே அறிந்தவர் எவருமில்லை. கூச்சத்தால் அவளும் சொல்வதில்லை.

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, உயரத்தைக் கேலி செய்யும் சொல் எதுவாயினும் நம் வகுப்பில் ஒலிக்க விடாதீர்கள். இரண்டாவது, எழுவர் இல்லாத பள்ளிகள் அண்டைப் பள்ளியோடு சேர்ந்து வாரத்தில் ஒரு நாளேனும் பயிற்சி நடத்தலாம். பந்து வீசப் பழகுவதற்கு எதிரே ஆள் வேண்டும். மூன்றாவது, ஆறாம் ஆண்டு முடிந்து செல்லும் ஆட்டக்காரியின் கையில், இடைநிலைப்பள்ளி விளையாட்டுத்துறை ஆசிரியருக்கு மலாய்மொழியில் ஒரு கடிதம் கொடுத்தனுப்புங்கள். இம்மாணவி இந்த இடத்தில் ஆடியவள், இன்ன திறமை உடையவள் என்று நான்கு வரி போதும்.

பெற்றோர்களிடம் ஒரே வேண்டுகோள். எல்லாப் பிள்ளைகளும் மெல்பர்ன் போகப் போவதில்லை. உங்களிடம் அப்படி ஆசை காட்ட நான் விரும்பவில்லை. தர்ஜினி பந்தோடு படிப்பையும் விடவில்லை. உங்கள் மகளும் இரண்டையும் ஏந்தட்டும். மாலைப் பயிற்சிக்கு அவளை அனுப்புங்கள். அவள் நிமிர்ந்து நிற்கட்டும்.