நலொக்சோனும் கல்விக்கூடங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

அபினும் அதன் வழிவந்த மோர்பின், ஹெரோயின் முதலியனவும் அளவு மிஞ்சும்போது உயிர் போவது மூச்சடங்குவதனாலேயாம். சுவாசத்தை நடத்தும் மூளைப் பகுதியின் ஏற்பிகளை அவை பற்றிக்கொள்கின்றன. அவ்விடத்தினின்றும் அவற்றைத் தள்ளிவிட்டுத் தான் அமரும் இயல்புடையது நலொக்சோன் என்னும் மருந்து. சில நிமிடங்களில் மூச்சு மீளும். அபினினப் பொருள் உடலில் இல்லாதவருக்கு அதனால் தீங்கில்லை.

ஜாக் பிஷ்மன், மோசஸ் லெவன்ஸ்ரைன் ஆகிய இருவரும் 1961 இல் இதற்குக் காப்புரிமை கோரினர். 1971 இல் ஐக்கிய அமெரிக்க அரசு இதனை அங்கீகரித்தது. ஆயினும், அடுத்த கால் நூற்றாண்டும் அது பெரும்பாலும் வைத்தியசாலைகளிலும் நோயாளர் காவு வண்டிகளிலுமே இருந்தது. மருந்து இல்லாமையன்று, மருந்துக்கும் மூச்சடங்கிக் கிடப்பவனுக்கும் இடைப்பட்ட தொலைவே இவ்வரலாற்றின் மையப் பிரச்சினை எனலாம். 1996 இல் சிக்காகோவிலே தொண்டர் அமைப்பொன்று அதனைப் போதைப்பொருள் பாவிப்போர் கையிலேயே கொடுக்கத் தொடங்கியது. 2001 இல் நியூ மெக்சிக்கோ மாநிலம் அதற்கு இடமளித்துச் சட்டமியற்றியது. 2015 இல் மூக்கினுள் விசிறும் ஆயத்த வடிவம் அங்கீகாரம் பெற்றமையால், ஊசியேற்றக் கல்லாத ஆசிரியரும் அதனைக் கையாளக்கூடியதாயிற்று.

அவ்வாண்டிலேயே றோட் ஐலண்ட் மாநிலம் இடைநிலை, உயர்நிலைப் பாடசாலைகளில் இம்மருந்து இருத்தல் வேண்டுமென விதித்தது. பாடசாலையில் இதனை வைப்பது போதைப் பழக்கத்துக்கு மறைமுக அனுமதியாகாதா என்று வினவியோர் பலர். வினா நேர்மையானதே, ஆனால் பின்வந்த புள்ளிவிபரங்கள் அதற்கு ஆதரவளிக்கவில்லை. 14 முதல் 18 வயது வரையானோருள் அளவு மிஞ்சி இறந்தோர் தொகை 2019 இல் 492. 2020 இல் 954. இளைஞரிடையே பாவனை அவ்வாண்டில் பெருகவில்லை. பெருகியது பென்டனைல் என்னும் கடும் நஞ்சே. வைத்தியர் எழுதும் மாத்திரையைப் போன்றே வார்க்கப்பட்ட போலி மாத்திரைகளில் அது கலந்திருந்தது. இறந்த பிள்ளைகளுட் சிலர் தாம் விழுங்கியது யாதென்றே அறியார்.

2022 செப்டெம்பரில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஹொலிவூட் பகுதிப் பாடசாலையொன்றின் கழிவறையில் மாணவியொருத்தி இவ்வாறு மாண்டாள். அம்மாதத்திலேயே அந்நகரக் கல்வி மாவட்டம் தன் பாடசாலைகள் யாவற்றிலும் நலொக்சோன் வைப்பதாக அறிவித்தது. அதே ஆண்டில் கலிபோர்னியாவின் அரசுக் கல்லூரிகளுக்கும் சட்டம் வந்தது.

எனினும், தாதியின் அறையில் மருந்து இருப்பது மட்டும் போதுமா? 2019 நடுப்பகுதியிலிருந்து 2021 இறுதி வரை இறந்த 10 முதல் 19 வயதினரை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றிலிரு பங்கினர் இறக்கையில் அருகே ஒருவர் இருந்தமை தெரியவந்தது. அவர்களுட் பெரும்பாலோர் யாதும் செய்திலர். அவ்வருகிருப்போர் பலவேளை சக மாணவரே என்பது ஊகிக்கத்தக்கது. 2023 மார்ச்சில் வைத்தியர் சீட்டின்றி விற்க அனுமதி கிடைத்தது. 12 வயது நிரம்பிய மாணவர் இதனைத் தம்முடன் வைத்திருப்பதைப் பாடசாலை தடுக்கலாகாதென 2024 இல் கலிபோர்னியா சட்டஞ்செய்தது. ஆயினும், நலொக்சோனின் வலு 30 முதல் 90 நிமிடங்களில் தணியும். பென்டனைல் அதன்பின்னும் உடலில் எஞ்சக்கூடும். ஆதலின், மருந்தை விசிறிய மாணவன் நோயாளர் காவு வண்டியையும் அழைத்தேயாக வேண்டும்.