தடித்த தகடும் மெல்லிய தகடும்

மின்சாரம் தடைப்பட்ட இரவில் விளக்கையும் விசிறியையும் இயக்கும் இன்வெர்ட்டருக்குப் பாட்டரி வாங்கப் புறப்படுவோர் சிலர், மோட்டார் வண்டிப் பாட்டரியே போதாதா என்று எண்ணுவதுண்டு. இரண்டும் 12 வோல்ட். இரண்டிலும் உள்ளவை ஈயமும் கந்தக அமிலமுமே. வண்டிப் பாட்டரியின் விலையோ குறைவு. ஆயினும் அவை ஒன்றல்ல. அவற்றின் வரலாற்றை அறிந்தால் இது எளிதில் விளங்கும்.

1800-ம் ஆண்டில் இத்தாலியரான வோல்டா உலகுக்கு அறிவித்த மின்னடுக்கு, ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான். தீர்ந்த மின்சாரத்தை மீண்டும் ஏற்றிக்கொள்ளும் சேமக்கலத்தை 1859-ம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளாந்தே அமைத்தார். இரண்டு ஈயத் தகடுகளை, ஒன்றையொன்று தொடாதவாறு இடையீடு வைத்துப் பாய்போல் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். அத்தகடுகளைப் பக்குவப்படுத்துவதற்கோ மின்சாரத்தைப் பன்முறை ஏற்றி இறக்கி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. 1881-ம் ஆண்டில் அந்நாட்டவரான ஃபோர் என்பார், ஈய ஆக்சைடைப் பசையாகக் குழைத்துத் தகட்டின்மேல் பூசி, அக்காலத்தை மிகவும் குறைத்துவிட்டார்.

இங்கேதான் ஒரு சிக்கல் புகுந்தது. மின்சாரம் இறங்கும்போது பசை ஈய சல்பேட்டாக மாறிப் பருக்கிறது, ஏறும்போது சுருங்குகிறது. ஆழமாக இறக்கி ஏற்றுந்தோறும் பசை சிறிது சிறிதாக உதிர்ந்து கலத்தின் அடியில் வண்டலாகப் படிகிறது. ஆகவே நெடுநேரம் மின்சாரம் தரவேண்டிய இடங்களில் தடித்த தகடுகளையே நாடினர். நெடுந்தூர ரயில்களில் ஊர் சென்று வரும் நம்மவருக்கு இவ்வகைக் கலங்கள் பன்னெடுங்காலம் ஒளி தந்திருக்கின்றன. வண்டி ஓடுகையில் அச்சோடு பிணைத்த டைனமோ மின்சாரம் தரும்; நிலையத்தில் நிற்கையில் பெட்டியின் அடியிலுள்ள கலங்கள் விளக்கெரிக்கும்.

மோட்டார் வண்டியின் தேவை வேறு. 1912-ம் ஆண்டில் கெட்டரிங் என்ற அமெரிக்கர் அமைத்த மின் துவக்கி காடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. கையால் சுழற்றும் தொல்லை ஒழிந்தது. எஞ்சினை உசுப்பச் சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். பிறகு டைனமோ அந்தச் சிறு குறையை நிரப்பிவிடும். இதற்கு ஏற்றவை பரப்பு மிகுந்த மெல்லிய தகடுகள் பல. அக்கலத்தை நாள்தோறும் இரவெல்லாம் வற்றவைத்தால் சில மாதங்களில் மடிந்துபோகும். இது பாட்டரியின் குற்றமன்று. ஓட்டப்பந்தயக் குதிரையை ஏரில் பூட்டியவரின் குற்றம்.

உதிரும் பசையைச் சிறையிடும் வழி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்தது. ஈயக் கம்பிகளைச் சுற்றிக் குழாய்களுக்குள் பசையை அடைத்தனர். இன்று கடைகளில் ‘டியூபுலர்’ என்று விற்கப்படுவது இதன் வழித்தோன்றலே. அடிக்கடி மின்தடை நேரும் ஊர்களில் வசிப்போர் அதனையே வாங்குவது நன்று.

அளவைக் கவனிக்க வேண்டும். 150 ஆம்பியர்-மணி, இருபது மணிக் கணக்கு என்றால், 7.5 ஆம்பியர் வீதம் இருபது மணி நேரம் தரும் என்று பொருள். அதே எண் பத்து மணிக் கணக்கில் குறிக்கப்பட்டிருந்தால் அக்கலம் இதனினும் பெரியது. 300 வாட் சுமைக்கு, இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து, ஏறத்தாழ 30 ஆம்பியர் செல்லும். வேகமாக எடுத்தால் கிடைப்பதும் குறையும். கலத்தைப் பாதிக்கு மேல் வற்றவிடாதிருந்தால் ஆயுள் நீளும். அந்தக் கணக்கில் முதலிற்சொன்ன கலம் இரண்டு மணி நேரத்துக்கே போதும். விற்பனையாளர் கூறும் நேரத்தை இவ்வாறு சரிபார்த்துக்கொள்ளலாம். காய்ச்சி வடித்த நீரை அவ்வப்போது ஊற்றவேண்டும். ஏற்றுகையில் ஹைட்ரஜன் வெளிப்படுவதால் காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்கவேண்டும்.

1997-ம் ஆண்டில் அமெரிக்காவில் குட்இனஃப் குழுவினர் வெளியிட்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் ஆய்விலிருந்து தோன்றிய பாட்டரிகளும் இப்போது கிடைக்கின்றன. எடை குறைவு, நீர் வேண்டா, ஆழமாக வற்றுவதைப் பல்லாயிரம் முறை தாங்கும். விலை கூடுதல், அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும். இமயமலைப் பகுதிகளில் பணிபுரிவோர், வெப்பம் உறைநிலைக்குக் கீழே இறங்கும்போது இவற்றுக்கு மின்னேற்றுதல் கூடாது என்பதையும் கேட்டறிந்து வாங்குக.