சட்டம் காணாத உதிரம்

கொஸ்லந்த உள்ளிட்ட ஊவாத் தோட்டங்களின் மருத்துவ வரலாற்றைச் சட்டங்களின் வழியே நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டத் தொழிலாளரின் நோய்க்கு வழிசெய்தது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டம் பேறுகாலப் பெண்ணுக்கு உதவிப்பணம் வழங்கச் செய்தது. நோயாளியையும் தாயையும் கண்ட சட்டத்தின் கண்ணுக்கு, மாதவிடாய் பிறழ்ந்தும் இடைநாட்களில் உதிரம் கசிந்தும் மலையேறிக் கொழுந்து பறித்தவள் தென்படவில்லை. நாட்சம்பளத்துக்கான ‘பேர்’ செக்றோலில் ஏறியது. அவள் இழந்த குருதிக்கு அதில் இடமில்லை.

ஒரு மாதவிடாய் தொடங்கி அடுத்தது தொடங்க 21 முதல் 35 நாள் வரை செல்வது இயல்பு. இடையே கசியும் உதிரத்துக்கு ஓமோன் மாற்றம், தைரொயிட்டுக் கோளாறு, கருப்பைக் கட்டி, கருவுறுதல், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் எனக் காரணம் பல. மூன்று மாதத்துக்கொருமுறை ஏற்றப்படும் கருத்தடை ஊசியாலும் அது நேரும். ஊசி ஏற்றுவோர் இதனை முன்னரே உரைத்தல் கடன். கொழுக்கிப்புழுவாலும் இரும்புச்சத்துக் குறைவாலும் சோகையுற்ற உடலுக்கு, தொடரும் சிறு கசிவும் பேரிழப்பாகும்.

பிறர் எழுதாத இக்கணக்கைப் பெண்ணே எழுதுதல் வேண்டும். உதிரம் கண்ட நாள், அளவு, வலி ஆகியவற்றைக் குறித்து மருத்துவரிடம் காட்டின், காரணம் காண்பது எளிதாகும்.