கோட்டுக்கு மேல் கோடு

தேர்வு முடிந்த விடுமுறையில் மகள் 'கப்ஹெட்' விளையாடிக்கொண்டிருந்தாள். தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தேநீர்க் கோப்பை, அதில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட உறிஞ்சுகுழல், கையில் வெள்ளைக் கையுறை. விரலை நீட்டினால் தோட்டா பறக்கிறது. எதிரே ஒரு ராட்சதப் பூ பல்லைக் காட்டி ஆடுகிறது. பின்னால் ஜாஸ் வாத்தியங்கள். பழைய ஃபிலிம் சுருளில் விழும் கீறலும் தூசியும்கூடத் திரையில் ஓடுகின்றன.

"இதுல என்னடி பண்ணணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா. சுடணும், குதிக்கணும். செத்தா மறுபடி மொதல்லேர்ந்து. அவ்ளோதான். ஆனா பாக்க செமயா இருக்குல்ல?"

அவள் சொன்னதுதான் இந்த விளையாட்டின் மேல் தொடக்கத்திலிருந்தே இருக்கும் புகாரும். கனடாவின் மோல்டன்ஹவர் சகோதரர்கள், சாட், ஜாரெட் இருவரும், இதை 2010 வாக்கில் தொடங்கினார்கள். 2015இல் விளையாட்டுக் கண்காட்சியில் காட்டியபோது பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். ஆனால் இது ஒவ்வொரு ராட்சதனாகச் சண்டை போடுவது மட்டும்தானா, வேறொன்றும் இல்லையா என்றும் கேட்டார்கள். அதற்குப் பிறகு ஓடிக்கொண்டே சுடும் கட்டங்களைச் சேர்த்தார்கள். பார்த்த வேலைகளை விட்டு, வீடுகளை அடகு வைத்து, 2017 செப்டம்பர் 29 அன்று வெளியிட்டார்கள். கதை என்று சொல்லப்போனால், இரண்டு கோப்பைப் பையன்கள் பிசாசின் சூதாட்ட விடுதியில் தோற்று, உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் பிசாசுக்காகக் கடன் வசூலிக்கிறார்கள். கடினமான விளையாட்டுதான், மறுக்கவில்லை. ஆனாலும் விரல் பெரும்பாலும் ஒரே பட்டனில்தான் இருக்கிறது.

'வெறும் அழகு, உள்ளே ஒன்றுமில்லை' என்ற இந்தத் தீர்ப்பு எனக்குப் பழக்கமானது. பெண்களின் கைவேலையைப் பற்றிக் காலங்காலமாகச் சொல்லப்படுவதும் அதுதானே. எனவே அந்த 'வெறும் அழகு' எங்கிருந்து வந்தது, அதை யார் செய்தார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

விளையாட்டு நடக்கும் தீவின் பெயர் மைக்கூட்டுத் தீவு. அந்தப் பெயருக்கு ஒரு மூதாதை உண்டு. நியூயார்க்கில் மாக்ஸ் ஃப்ளைஷர் 1918இல் தொடங்கிய கார்ட்டூன் வரிசையின் பெயர் 'அவுட் ஆஃப் தி இங்க்வெல்', அதாவது மைக்கூட்டிலிருந்து வெளியே. மாக்ஸ் மேசைமுன் உட்கார்ந்திருப்பார். பேனாவை மையில் தொடுவார், கோகோ என்ற கோமாளி காகிதத்தில் உயிர்த்தெழுவான், கடைசியில் மைக்கூட்டுக்குள்ளேயே போய்விடுவான். படைப்பவனின் கை திரையிலேயே தெரியும். கார்ட்டூன் என்பது ஒரு ஆணின் கையிலிருந்து நேராகச் சொட்டும் மை என்று அந்தப் படங்கள் பார்வையாளருக்குப் பழக்கின.

ஸ்டூடியோவில் நடந்தது வேறு. 1914இல் ஏர்ல் ஹர்ட் காப்புரிமை கோரிய முறைதான் பின்னர் தொழில் முழுவதையும் பிடித்துக்கொண்டது. அனிமேட்டர் பென்சிலால் காகிதத்தில் வரைவார். அதன்மேல் கண்ணாடி போன்ற செல்லுலாய்ட் தாளை வைத்து, பென்சில் கோட்டுக்கு மேல் மைக்கோடு இழுக்க வேண்டும். காய்ந்ததும் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் வண்ணம் நிரப்ப வேண்டும். அதைத்தான் கேமரா படம் பிடிக்கும். திரையரங்கில் மக்கள் பார்த்த ஒரு கோடுகூட அனிமேட்டர் போட்ட கோடு அல்ல. பென்சில் கோடு காகிதத்தோடு தங்கிவிட்டது. திரைக்குப் போனது மைக்கோடுதான்.

1930களின் அமெரிக்க ஸ்டூடியோக்களில் அந்த மைக்கோட்டை இழுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஏழு நிமிடக் கார்ட்டூனுக்கு, நொடிக்கு 24 என்ற கணக்கில், 10,080 படச்சட்டங்கள். ஒரு படத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தினாலும் ஐயாயிரத்துக்கு மேல் தாள்கள். ஒரே சட்டத்தில் இரண்டு மூன்று உருவங்கள் அடுக்காக வந்தால் தாளும் அத்தனை மடங்கு. கோடு தொடங்கும் இடத்தில் மெலிந்து, வளைவில் பருத்து, முடியும் இடத்தில் மறுபடி மெலிய வேண்டும். முந்தைய தாளில் இருந்த கோட்டைவிட இம்மி தடித்தாலும் திரையில் உருவம் நடுங்கும். தாளில் விரல்ரேகை படாமல் இருக்க மெல்லிய பருத்திக் கையுறை. பேனா பிடிக்கும் விரல்களுக்கு மட்டும் துணியை வெட்டி விட்டிருப்பார்கள்.

கையுறை என்றதும் கோப்பைப் பையனின் கையுறையும் நினைவுக்கு வருகிறது. அந்தக் காலக் கார்ட்டூன் உருவங்களின் வெள்ளைக் கையுறைக்குக் கறுப்பின மக்களைக் கேலி செய்த, வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசி ஆடிய மேடை நிகழ்ச்சிகளோடு உறவு உண்டு. 'கப்ஹெட்' வந்த சில வாரங்களிலேயே யூசுஃப் கோல் என்ற எழுத்தாளர் இதை எழுதினார். பழைய அழகை மட்டும் துடைத்து எடுத்துக்கொண்டு, அதில் ஒட்டியிருந்த நிறவெறியைப் பேசாமல் கடக்க முடியுமா என்பது அவர் கேள்வி. விளையாட்டில் வரும் சூதாட்ட விடுதி மேலாளன் கிங் டைஸ், கறுப்பினப் பாடகர் கேப் காலவேயை அடியொற்றியவன். காலவே 1930களில் ஃப்ளைஷர் படங்களுக்குப் பாடியவர். அவருடைய நடன அசைவுகளைப் படமெடுத்து, அதன்மேல் வரைந்து, பேய் உருவங்களுக்குக் கொடுத்தார்கள். அங்கும் ஒருவரின் உடல்மேல் இன்னொரு கோடு.

டிஸ்னி ஸ்டூடியோவின் பெண்கள் பகுதிக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: கன்னிமாடம். டிஸ்னியின் மனைவி லில்லியனே அங்கே மை தீட்டும் பணியாளராக வந்து சேர்ந்தவர். அவருடைய அக்கா ஹேசல் சூவெல் அந்தப் பகுதிக்குத் தலைமை வகித்தார். 1937 டிசம்பரில் திரைக்கு வந்த 'ஸ்நோ ஒயிட்'டின் கன்னத்தில் தெரியும் இளஞ்சிவப்பு, பென்சில் வரைபடத்தில் இல்லாதது. அந்த அறையின் பெண்கள் ஒவ்வொரு தாளாகச் சாயமேற்றிக் கொண்டுவந்தது. ஒரு முகத்துக்கு உயிர் கொடுத்த அந்தச் சிவப்பைப் படைப்பு என்று சொல்வதா, வேலை என்று சொல்வதா?

ஸ்டூடியோ தன் பதிலை எழுத்திலேயே கொடுத்திருக்கிறது. 1938 ஜூனில், அனிமேஷன் பயிற்சிக்கு விண்ணப்பித்த ஒரு இளம்பெண்ணுக்கு ஸ்நோ ஒயிட் படம் அச்சிட்ட அலங்காரத் தாளில் டிஸ்னியிலிருந்து மறுப்புக் கடிதம் போனது. கார்ட்டூன் தயாரிப்பில் படைப்பு வேலை எதையும் பெண்கள் செய்வதில்லை, அது முழுக்க இளைஞர்களின் வேலை, ஆகவே பயிற்சிப் பள்ளிக்குப் பெண்களை எடுப்பதில்லை என்பது அதன் சாரம். பெண்களுக்கு உள்ள ஒரே வேலை உருவங்களின்மேல் மைக்கோடு இழுப்பதும், சொன்னபடி பின்பக்கம் வண்ணம் நிரப்புவதும்தான். அதற்கும் விண்ணப்பங்கள் குவிந்து கிடப்பதால் இதை நம்பி ஹாலிவுட்டுக்குப் புறப்பட்டு வர வேண்டாம் என்று ஒரு அறிவுரையும் இருந்தது. கடிதத்தில் கையெழுத்திட்டவரும் ஒரு பெண். அவர் அன்று என்ன நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

கவனியுங்கள், பெண்களின் வேலை இல்லாமல் படம் ஓடும் என்று கடிதம் சொல்லவில்லை. அந்த வேலையைப் 'படைப்பு' என்ற சொல்லுக்கு வெளியே நிறுத்துகிறது, அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்கு உள்ளே இருந்தவர்களுக்குச் சம்பளம் ஒரு மாதிரி, வெளியே இருந்தவர்களுக்கு வேறு மாதிரி. திரையில் பெயர் வருவதும் வராததும் அதே சொல்லைப் பொறுத்தது.

விதிவிலக்குகள் இருந்தன. ஃப்ளைஷர் ஸ்டூடியோவில் லில்லியன் ஃப்ரீட்மன் 1930களில் அனிமேட்டர் ஆனார். பெட்டி பூப்பையும் பாப்பாயையும் வரைந்தார். ஆண் அனிமேட்டர்களைவிடக் குறைந்த சம்பளம். அவர் உழைத்த படங்கள் பல, பெயர் வந்தவை சில. டிஸ்னியில் அனிமேட்டராக ஒரு பெண்ணின் பெயர், ரெட்டா ஸ்காட் என்று, திரையில் வந்தது 1942இல் 'பாம்பி'யில்தான். அவருக்குக் கிடைத்த காட்சி வேட்டை நாய்களின் பாய்ச்சல். பார்த்தவர்கள் இது பெண் வரைந்ததா என்று வியந்தார்களாம். பாராட்டுபோல் வரும் இந்த வியப்பை நம் கவிதைகளும் நிறையச் சந்தித்திருக்கின்றன.

சம்பளக் கணக்கு 1937 மே மாதம் தெருவுக்கு வந்தது. ஃப்ளைஷர் ஸ்டூடியோவில் நடந்த அந்த வேலைநிறுத்தம் அக்டோபர் வரை, ஐந்து மாதம் நீடித்தது. அமெரிக்க அனிமேஷன் தொழிலில் முதல் பெரிய வேலைநிறுத்தம் அதுதான். முன்னணி அனிமேட்டர்களில் பலர் உள்ளே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பிராட்வே நடைபாதையில் அட்டை பிடித்து நின்றவர்கள் மை இழுப்பவர்களும் வண்ணம் நிரப்புபவர்களும் இடைப்படங்கள் வரைபவர்களும், ஏணியின் அடிப்படிகளில் இருந்தவர்கள். கோடிப்பேரைச் சிரிக்க வைக்கிறேன், ஆனால் உண்மையான நகைச்சுவை எங்கள் சம்பளம்தான் என்று பாப்பாய் பேசுவதாக ஒரு அட்டை இருந்தது. சங்கத்தை நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே ஸ்டூடியோவை மியாமிக்குக் கொண்டுபோய்விட்டது.

அதே ஸ்டூடியோவின் செல்லப்பெண் பெட்டி பூப் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1930இல் நாய்க்காது தொங்க அறிமுகமாகி, பிறகு பெண்ணானவள். பாடகி ஹெலன் கேன், இது என் பாட்டு, என் பாணி என்று 2,50,000 டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1934இல் தோற்றார். எதிர்த்தரப்பு கொண்டுவந்த வாதம், அந்தப் பாணி கேனுக்கே சொந்தமில்லை, பேபி எஸ்தர் என்ற கறுப்பினச் சிறுமி அவருக்கு முன்பே மேடையில் அப்படிப் பாடினாள் என்பது. எஸ்தர் நீதிமன்றத்துக்கு வரவில்லை. அவள் சார்பில் அவளுடைய மேலாளர் வந்து பேசினார். வழக்கு முடிந்தபோது கேனுக்கும் எதுவுமில்லை, எஸ்தருக்கும் எதுவுமில்லை, பெட்டி ஸ்டூடியோவிடமே இருந்தாள். அதே ஆண்டு தணிக்கை விதி கறாராக நடைமுறைக்கு வர, அவளுடைய பாவாடையை முழங்காலுக்குக் கீழே இறக்கினார்கள். இறக்கிய பாவாடையின் கோட்டையும் தாள் தாளாக மையில் இழுத்தது அதே பெண்கள்தான். 'கப்ஹெட்'டில் கடல்நடுவே எழும் ராட்சதக் கடல்கன்னி காலா மரியாவின் உருண்டைக் கண்ணில் பெட்டியின் சாயல் இருக்கிறது. அவளையும் சுட வேண்டும்.

பிறகு இயந்திரம் வந்தது. 1961இன் '101 டால்மேஷியன்ஸ்' பென்சில் கோட்டை நேரே தாளில் நகலெடுக்கும் இயந்திரத்தால் தயாரானது. மை இழுத்த பெண்களில் பலரின் வேலை போனது. அனிமேட்டரின் அசல் கோடு இப்போதுதான் திரையில் தெரிகிறது என்று ஆண்கள் சிலர் மகிழ்ந்தார்களாம். 1989இன் 'தி லிட்டில் மெர்மெய்ட்' முடிந்ததும் டிஸ்னியின் முழுநீளப் படங்களில் கையால் வண்ணம் நிரப்புவதும் நின்றது. கணினி எடுத்துக்கொண்டது.

அப்படி ஒழிந்துபோன வேலையைத்தான் 'கப்ஹெட்' மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தது. ஐம்பதாயிரம் அளவிலான படங்கள், காகிதத்தில் பென்சில், அதன்மேல் கையால் மை. வண்ணம் மட்டும் கணினியில். அந்த மைக்கோடுகளை இழுத்தவர் மாயா மோல்டன்ஹவர், சாடின் மனைவி. இதில் ஒரு வேறுபாடு உண்டு. மாயா விளையாட்டின் தயாரிப்பாளரும்கூட. அவர் பெயர் பட்டியலில் இருக்கிறது, பேட்டிகளில் அவரே பேசுகிறார். டினா நவ்ராக்கி, ஹன்னா அபி ஹன்னா என்று பெண் அனிமேட்டர்களும் இருக்கிறார்கள். பின்னணியின் நீர்வண்ண ஓவியங்கள் கெய்ட்லின் ரஸல் வரைந்தவை. ஆனாலும் உலகம் இதை 'இரண்டு சகோதரர்களின் கனவு' என்றே சொல்லிப் பழகிவிட்டது. அதே 2017இல்தான் மிண்டி ஜான்சன், டிஸ்னியின் மை-வண்ண அறைப் பெண்களைப் பற்றிய தன் பெரிய நூலை வெளியிட்டார். ஒரே ஆண்டில் அந்தக் கோடும் திரும்பி வந்தது, அதை இழுத்தவர்களின் பெயர்களும் வந்தன. ஒன்று லட்சக்கணக்கில் விற்றது.

இதை எழுதும்போது என் முனைவர் பட்ட ஆய்வேட்டை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நன்றியுரை மூன்று பக்கம். நெறியாளர், துறைத்தலைவர், நூலகர், என் கையெழுத்துப் பிரதியைப் படித்த கவிஞர்கள், எல்லாரும் இருக்கிறார்கள். 400 பக்கத்தையும் தட்டச்சு செய்தவர் கல்லூரிக்கு எதிரே இருந்த டிடிபி சென்டரில் வேலை பார்த்த ஒரு பெண். என் ஒற்றுப்பிழைகளைக் கேட்காமலே திருத்துவார். ஓரிடத்தில் மேற்கோள் முந்தைய இயலில் வேறு மாதிரி இருக்கிறதே என்று சுட்டிக்காட்டி என்னைக் காப்பாற்றினார். நன்றியுரையையும் அவர்தான் தட்டச்சு செய்தார். அதில் அவர் பெயர் இல்லை. சாந்தியா, வசந்தியா என்றுகூட இன்று உறுதியாக நினைவில்லை. கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள்.

மகளிடம் ஒன்று கேட்டேன். "கொஞ்ச நேரம் சுடாம நில்லேன், அந்தப் பூவைப் பாக்கணும்."

"நின்னா செத்துருவேன்மா."

"பரவால்ல, நில்லு."

நின்றாள். பூ வளைந்தது, இதழ் மடங்கியது, முகம் கோபமாக மாறியது. இதழ் ஓரத்தில் மைக்கோடு ஓரிடத்தில் பருத்து, நுனியில் மயிரிழையாக முடிந்தது. அதைச் சரியாகப் பார்ப்பதற்குள் விதைகள் மழையாக விழுந்தன. கோப்பைப் பையன் ஒரு சின்னப் பேயாகி, மேலே மிதந்து போனான்.

"பாத்தியா?" என்றாள்.

"இன்னொரு தடவை" என்றேன்.