மின்மீனும் மின்பெட்டியும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவழியில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையே அமைந்த குளத்தூர் உடையார்கட்டு. அவ்வூரில் சில வீடுகளில் உள்ளங்கையளவான ஒரு பெட்டியைக் கண்டிருக்கிறேன். சிறு பற்றறியால் இயங்குவது அது. இரண்டு கம்பிகளும், அவற்றின் நுனியில் தோலில் ஒட்டும் பட்டைகளும் அதற்கு உறுப்புகள். பொத்தானைத் திருகினால் எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி தோன்றும். இன்னுஞ் சிறிது திருகினால் தசை தானாகவே துள்ளும்.

2009ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், இடம்பெயர்ந்து வந்த வைத்தியசாலையொன்று இவ்வூரிலே எறிகணைகளுக்கு நடுவே இயங்கியது. அக்காலத்துப் புண்கள் ஆறிவிட்டன; மடங்காத முழங்கால்களும் சூம்பிய தொடைகளும் எஞ்சி நிற்கின்றன. ஆகவே இப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வருவோர் கேட்பது ஒரே கேள்விதான்: “அதிபர் ஐயா, இதாலை சுகம் வருமோ?” நான் வைத்தியனல்லன், சரித்திரம் படித்தவன். அந்தக் கேள்விக்கு ஈராயிரம் ஆண்டு வயதுண்டு என்பதை நான் அறிவேன்.

கி.பி. 47ஆம் ஆண்டளவில், குளோடியஸ் பேரரசன் காலத்து உரோமாபுரியில், ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்னும் வைத்தியர் மருந்து நூலொன்று இயற்றினார். கால்மூட்டு வீங்கி வருந்துவோன் அலை நனைக்கும் கரையிலே நின்று, உயிருள்ள மின்திருக்கையின்மேல் பாதத்தை வைக்கவேண்டும். முழங்கால்வரை மரத்துப்போகும்வரை அகலலாகாது என்பது அவர் கூறிய சிகிச்சை. நமது கடல்களிலும் மின்திருக்கை உண்டு. வலையில் அகப்பட்டதை அறியாது பற்றியவனின் கை விதிர்த்துப்போகும். வலி மரத்ததென்பதில் ஐயமில்லை. நோய் நீங்கியதா என்பது வேறு கதை.

மின்சாரத்தைச் சாடியில் அடைத்துவைக்கும் வித்தை 1745, 1746ஆம் ஆண்டுகளிற் கைவந்தது. அதன்பின் அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளினிடம் பாரிசவாதத்தால் கைகால் விழுந்தோர் தொலைவிடங்களிலிருந்தும் கொணரப்பட்டனர். அவர் நாளுக்கு மூன்று முறை மின்னதிர்ச்சி கொடுத்தார். உடனே உறுப்பிற் சூடு தோன்றியது; அடுத்த நாள் கை சிறிது உயர்ந்தது. ஐந்தாம் நாள்வரை முன்னேற்றம் இருந்தது; அதற்குமேல் இல்லை. நோயாளர் மனந்தளர்ந்து வீடு திரும்பினர். சிறிது காலத்தில் பழைய நிலையே வந்துற்றது. பிராங்கிளின் இதனை மறைக்கவில்லை. 1757இல் எழுதிய கடிதமொன்றில், நோயாளர் பெற்ற அந்தச் சிறு நன்மை மின்சாரத்தால் வந்ததா, அன்றித் தமது வீட்டுக்குத் தினமும் வந்துபோன தேகப்பயிற்சியாலும் குணமாகும் என்ற நம்பிக்கையாலும் வந்ததா என்று தம்மையே ஐயுற்றார். தமது புகழைத் தாமே குறைத்துக்கொள்ளும் இந்த ஐயத்துக்காகவே அவரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

மின்மீனை நாம் இன்னும் விட்டுவிடவில்லை. 1772இல் பிரான்சின் லா ரோஷெல் துறைமுகத்தில், திருக்கையின் அடி மின்சாரமே என்பதை ஜோன் வால்ஷ் என்ற ஆங்கிலேயர் காட்டினார். இத்தாலியின் கல்வானி, இறந்த தவளையின் கால் மின்சாரத்தால் உதைப்பதைக் கண்டு 1791இல் நூல் வெளியிட்டார். அவரோடு வாதிட்ட வோல்டா, வெள்ளித் தகடும் நாகத் தகடும் மாறிமாறி அடுக்கி, இடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்து, 1800ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் உலகின் முதலாவது மின்கல அடுக்கை அறிவித்தார். அதனை அவர் மீனின் மின்னுறுப்புக்கு ஒப்பிட்டு, செயற்கை மின்னுறுப்பு என்றே அழைத்தார்.

உப்புநீரும் உலோகமும் என்றவுடன் வன்னி மக்களுக்கு வேறொரு நினைவு வரும். 1990களில், இங்கே மின்வழங்கல் அற்றிருந்த காலத்தில், பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிருந்தது. உயிர் போன பற்றறியை வெயிலில் வைத்தும், துளையிட்டு உப்புநீர் வார்த்தும் சில மணி நேரம் உயிர்ப்பித்தோம். அதுவும் இயலாதபோது துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, தைனமோவைக் கொண்டு வானொலி கேட்டோம். வோல்டாவை வகுப்பிற் கற்பிக்க எனக்கு வேறு கருவி வேண்டியிருக்கவில்லை.

அந்தத் தைனமோவின் தத்துவத்தை 1831இற் கண்டவர் பரடே. அவர் வழிவந்த தூண்டல் மின்னோட்டத்தைத் தசை வைத்தியத்துக்குக் கொணர்ந்தவர் டூசென் என்ற பிரெஞ்சு வைத்தியர். கடலோடிக் குடும்பத்தில் பிறந்த அவர், பரிஸ் நகரில் நிலையான பதவியின்றி, கருவியைத் தாமே சுமந்து வைத்தியசாலை வைத்தியசாலையாக அலைந்தார். அவருக்கு முன்னோர் ஊசியைத் தசைக்குட் செலுத்தினர். டூசென் ஈரமான முனைகளைத் தோலின்மேல் வைத்தே தனித்தனித் தசையைச் சுருங்கச் செய்தார். 1855இல் வெளிவந்த அவரது நூல் இத்துறைக்கு அடித்தளம். இன்றைய ஒட்டுப்பட்டை அவருடைய ஈரமுனையின் பேரப்பிள்ளை.

1868இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் ஏர்ப் கண்டதொன்று நமது ஊருக்கு மிக வேண்டியது. நரம்பு அறுந்த தசை, விட்டுவிட்டு வேகமாய்ப் பாயும் தூண்டல் மின்னோட்டத்துக்கு அசையாது. மின்கலத்தின் நீண்ட ஓட்டத்துக்கே மெதுவாகச் சுருங்கும். வீடுகளிலுள்ள பெட்டிகள் பெரும்பாலும் மிகக் குறுகிய துடிப்புகளையே தருவன. அவை நரம்பின் வழியாகவே தசையை எழுப்புகின்றன. எறிகணைச் சிதறல் நரம்பை அறுத்த காலில், பொத்தானை எவ்வளவு திருகினாலும் தோல்தான் எரியும்.

வியாபாரிகள் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தியதில்லை. 1850களில் புல்வர்மாகர் என்பவரின் செம்பு நாகச் சங்கிலியைக் காடியில் தோய்த்து உடலிற் கட்டினால் பலநோயும் தீருமென்று ஐரோப்பா எங்கும் விளம்பரம் செய்தனர்.

வலிக்கு ஒரு விளக்கம் 1965இற் கிடைத்தது. மெல்சாக், வால் என்ற இருவர், முள்ளந்தண்டிலே வலிக்கு ஒரு வாயில் உண்டென்றும், தொடுகையுணர்ச்சி மிகுந்தால் அவ்வாயில் ஒடுங்குமென்றும் கூறினர். விழுந்த பிள்ளையின் முழங்காலைத் தாய் தேய்த்துவிடுவதும் இதன் பாற்பட்டது. வலிக்கான சிறு மின்பெட்டிகள் இதற்குப்பின் பரவின. அவை வலியைச் சிலருக்குச் சில மணி நேரம் தணிக்கும், முறிந்ததைப் பொருத்தா. தசையைச் சுருக்கும் பெட்டியோ, முழங்காற் சத்திரசிகிச்சையின்பின், பயிற்சியோடு சேரும்போது தொடையின் வலிமையை மீட்கத் துணைசெய்கிறது. இருதயத்தில் இயக்கக் கருவி பொருத்தியவர் வைத்தியரைக் கேளாது இவற்றைத் தொடலாகாது. கழுத்தின் முன்புறத்திலும் உணர்ச்சியற்ற தோலிலும் எவரும் ஒட்டலாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து என் முழங்கால் கெட்டது. முதலில் எண்ணெய் பூசி, புக்கை கட்டிக் கிடந்தேன். தொடை சூம்பியபின்னரே இயன்மருத்துவரிடம் சென்றேன். அவர் பட்டைகளை ஒட்டிவிட்டு, “கரண்ட் இழுக்கேக்கை நீங்களும் சேர்ந்து காலை உயர்த்துங்கோ ஐயா, சும்மா படுத்திருக்கிறதெண்டால் வர வேண்டாம்” என்றார். ஏழு கிழமையில் கால் மடங்கியது. பேருந்துத் தரிப்பிலிருந்து அங்கே நடக்க அரை மைல். குணம் மின்சாரத்தாலா, நடையாலா? பிராங்கிளினின் ஐயம் எனக்கும் வந்தது.

பின்பு நான் வாங்கிய பெட்டியை அயல்வீட்டு அம்மா தம் மகனுக்காக இரவல் கொண்டுபோனார். 2009இல் அவனுக்குக் காலிற் காயம். பாதம் தொங்கியபடி இருக்கிறது. மூன்றாம் நாளே திருப்பிக் கொணர்ந்து, “இது வேலை செய்யேல்லை, பற்றறி முடிஞ்சு போச்சோ?” என்று கேட்டார். என் கையில் ஒட்டிப் பார்த்தேன், நன்றாகவே துள்ளியது. ஏர்ப் கண்டதை அவருக்கு எளிய சொற்களில் விளக்கி, நரம்பைச் சோதிக்கும்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். வியாழக்கிழமைக் காலைப் பேருந்தில் மகனை அழைத்துக்கொண்டு போனார்.