மொனிட்டரின் கதை: எங்கட கையில் இருந்த சுவிட்ச் எங்கே போனது?

எங்கட வயதில் கனபேருக்கு ஒரே மொனிட்டர் இரண்டு வேலை செய்ய வேணும். பகலில் அதில் போஸ்டர் டிசைன் நடக்கும், கல்யாண அல்பத்துக்குப் படம் திருத்துவம், கம்பஸ் செலவுக்குக் கொஞ்சம் காசு வரும். இரவில் அதே திரையில் கேம் ஓடும். இரண்டு மொனிட்டர் வாங்க வசதியில்லை. ஒன்றை வாங்கலாம் என்று தேடினால் 1440பி, 4கே, 144 ஹெர்ட்ஸ், ஐபிஎஸ், விஏ என்று பெயர்களும் இலக்கங்களும் வந்து கொட்டுது. "கேமிங்" ஒரு வரிசை, "டிசைன்" இன்னொரு வரிசை. இரண்டுக்கும் சேர்த்து ஒன்று கேட்டால் விலை ஏறுது.

இந்த இரண்டு வரிசையும் ஆதியிலிருந்தே இருந்தவை அல்ல. மொனிட்டர் பெட்டியில் அச்சடித்திருக்கிற இலக்கங்களை ஒரு வரலாற்று ஆவணம் மாதிரி வாசித்தால், பிரிவு எப்போது, ஏன் வந்தது என்று தெரியும். எதை வாங்குவது என்ற கேள்விக்கும் அங்கேயே பாதிப் பதில் கிடக்கு.

ஒரே குழாயில் பிறந்த பிள்ளைகள்

1897இல் ஜேர்மனியரான கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் கதோட்டுக் கதிர்க் குழாயைச் செய்தார். பழைய ரீவிக்குள் இருந்த அதே கனமான கண்ணாடிக் குழாயின் மூதாதை அது. 1958இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் வில்லியம் ஹிகின்போதம் என்ற பௌதிகவியலாளர், அலைகாட்டி ஒன்றின் சின்னஞ்சிறு குழாய்த் திரையில் டெனிஸ் விளையாட்டு ஒன்றை ஓடவிட்டார். 1962இல் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 'ஸ்பேஸ்வோர்' வந்தது. அடுத்த வருடமே, அதே எம்ஐடியில், ஐவன் சதர்லண்ட் தன் முனைவர் பட்ட ஆய்வாக 'ஸ்கெச்பாட்' என்ற மென்பொருளைச் செய்தார். ஒளிப்பேனாவால் திரையிலேயே கோடு கீறலாம், கீறினதைத் திருத்தலாம்.

கவனியுங்கோ: திரையில் விளையாடுவதும் திரையில் படம் கீறுவதும் ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே வகைக் குழாயில், ஒரு வருட இடைவெளியில் வளர்ந்தவை. விளையாட்டுக்கு ஒரு திரை, வேலைக்கு ஒரு திரை என்ற பேச்சே அப்போது இல்லை.

போட்டோஷொப்பின் கதையும் ஒரு மாணவனின் மொனிட்டரில்தான் தொடங்குது. 1987இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தோமஸ் நோலிடம் ஒரு மெக்கின்டோஷ் பிளஸ் இருந்தது. அதன் திரைக்குக் கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான் தெரியும், இடையில் சாம்பல் நிறம் கிடையாது. சாம்பல் சாயல்களை அந்தத் திரையில் எப்படியாவது காட்டவேணும் என்று அவர் எழுதிய சிறு நிரல்தான், சகோதரர் ஜோன் நோலும் சேர்ந்த பிறகு, 1990இல் போட்டோஷொப்பாக வெளிவந்தது. திரையால் காட்ட முடியாததைக் காட்ட எடுத்த முயற்சி அது.

சுவிட்ச் எங்கட கையில்

குழாய் மொனிட்டருக்கு நிலையான பிக்சல் எண்ணிக்கை கிடையாது. பின்னாலிருந்து வரும் இலத்திரன் கற்றை திரையை வரிவரியாக வருடிச் செல்லும். எத்தனை வரி, செக்கனுக்கு எத்தனை தடவை என்பதை ஒரு எல்லைக்குள் நாங்களே தீர்மானிக்கலாம். வரியைக் கூட்டினால் வேகம் குறையும், வரியைக் குறைத்தால் வேகம் கூடும். பகலில் 1600×1200 இல் 75 ஹெர்ட்ஸ் வைத்துப் படம் திருத்தலாம், இரவில் 1024×768 க்கு இறக்கி 100 ஹெர்ட்ஸில் 'குவேக்' விளையாடலாம். எதில் வைத்தாலும் படம் மங்கிப் போகாது.

நுணுக்கத்துக்கும் வேகத்துக்கும் இடையிலான இழுபறி அன்றைக்கே இருந்தது. ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்குவது என்பது பாவிக்கிறவரின் கையில் இருந்தது. ஒவ்வொரு நாளும் மாற்றிக்கொள்ளலாம்.

நிறத்திலும் அதே ஒற்றுமைதான். 1996இல் எச்பியும் மைக்ரோசொப்டும் சேர்ந்து எஸ்ஆர்ஜிபி என்ற நிற வரையறையை முன்வைத்தன. அன்றைய சாதாரண குழாய் மொனிட்டர் காட்டக்கூடிய நிறங்களை அடிப்படையாக வைத்தே அது எழுதப்பட்டது. இன்றைக்கும் இணையத்தில் ஏறும் பெரும்பாலான படங்களுக்கு அதுதான் அளவுகோல். அந்தக் குழாயை நாங்கள் எறிந்து கனகாலம், அதன் நிறங்களில்தான் இன்னும் போஸ்டர் செய்யிறம்.

சோனி எஃப்டபிள்யூ900 என்ற 24 அங்குல அகலத்திரைக் குழாய் 2304×1440 இல் 80 ஹெர்ட்ஸ் காட்டும். டிசைனர்களும் கேமர்களும் இன்றுவரை தேடுகிற மொனிட்டர் அது. நிறை ஏறத்தாழ 42 கிலோ. மேசையில் ஏற்ற இரண்டு பேர் வேணும்.

பிரிவினை

பிறகு தட்டைத் திரை வந்தது. எல்சிடி மொனிட்டரில் பிக்சல்கள் தொழிற்சாலையிலேயே செதுக்கப்பட்டு விடும். 1920×1080 என்றால் சாகும்வரை 1920×1080 தான். வேறு அளவில் ஓடவிட்டால் படம் மங்கும். வேகத்தின் உச்சத்தையும் தொழிற்சாலையே பூட்டிவிடும். சுவிட்ச் எங்கட கையிலிருந்து போனது இங்கேதான்.

எல்சிடிக்குள்ளும் மூன்று குடும்பங்கள். டிஎன் மூத்தது. சுவிட்சர்லாந்தில் ஒரு மருந்துக் கம்பனியின் ஆய்வுகூடத்தில், மார்ட்டின் ஷட், வோல்ஃப்காங் ஹெல்ஃப்ரிக் ஆகிய இருவர் 1971இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு அது. மலிவானது, வேகமானது. ஆனால் சற்றுச் சரிந்து பார்த்தால் நிறம் மாறிவிடும். 2000களில் வந்த பல டிஎன் திரைகள் ஒவ்வொரு அடிப்படை நிறத்திலும் 64 படிகளைத்தான் உண்மையாகக் காட்டின. பெருக்கிப் பார்த்தால் 262,144 நிறங்கள். 1987இன் விஜிஏ அட்டையின் நிறப்பட்டியலும் சரியாக அதே எண்ணிக்கைதான்! 1990களில் ஹிட்டாச்சி கொண்டுவந்த ஐபிஎஸ் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாதது, ஆனால் தொடக்கத்தில் மெதுவானது, விலையும் கூட. அதே காலத்தில் புஜிட்சு வளர்த்த விஏயில் கறுப்பு நல்ல ஆழமாக இருக்கும், ஆனால் இருண்ட காட்சிகள் அசையும்போது இழுபடும்.

பிரிவு எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஐபிஎம் டி221 நல்ல சாட்சி. 2001இல் வந்த 22.2 அங்குல மொனிட்டர். 3840×2400, அதாவது 92 இலட்சம் பிக்சல்கள். இன்றைய 4கேயை விடக் கூட. விலை பத்தாயிரம் டொலருக்கு மேல். இதன் முன்னோடியை முதலில் வாங்கியது அமெரிக்காவின் லோரன்ஸ் லிவர்மோர் அணுவாயுத ஆய்வுகூடம். படங்களுக்கு அந்தக் காலத்தில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் அன்றைய டிவிஐ கேபிள் ஒன்றால் அவ்வளவு பிக்சலைத் தூக்க முடியவில்லை. ஒரு கேபிள் போட்டால் செக்கனுக்கு 13 தடவைதான் திரை மாறும். நாலு கேபிள் போட்டாலும் 41 தான். அதில் கேம் விளையாடுவது தேரில் ஏறி ஓட்டப்போட்டிக்குப் போவது மாதிரி.

மறுபக்கம் 2009இல் சாம்சங் 2233ஆர்இசட் வந்தது. 120 ஹெர்ட்ஸ் காட்டிய முதல் எல்சிடி மொனிட்டர்களில் ஒன்று. கேமர்கள் கொண்டாடினார்கள். ஆனால் திரை டிஎன், அளவு 1680×1050. ஒருவருக்குப் படம், மற்றவருக்கு வேகம் என்று சொத்துப் பிரித்தாயிற்று.

சமரசம்

திரும்பச் சேர பத்து வருடம் எடுத்தது. 2013இல் அசுஸ் விற்ற 31.5 அங்குல 4கே மொனிட்டருக்கு 60 ஹெர்ட்ஸ் வேணுமென்றால், திரையை நடுவால் பிரித்து இரண்டு மொனிட்டர் என்று கம்பியூட்டரை நம்பவைக்க வேண்டியிருந்தது. அதே வருடம் என்விடியா ஜி-சிங்கை அறிவித்தது. கிராஃபிக்ஸ் அட்டை ஒரு படத்தை முடிக்கும்வரை மொனிட்டர் காத்திருக்கும் முறை இது. பிறகு ஏஎம்டியின் ஃப்ரீசிங்கும் வந்தது. 2015இல் ஐபிஎஸ் திரையிலேயே 144 ஹெர்ட்ஸ் கிடைத்தது. டிசைன் வரிசையும் கேமிங் வரிசையும் ஒன்றையொன்று தொட்டது அப்போதுதான்.

2018இல் அசுஸும் ஏசரும் 4கே, 144 ஹெர்ட்ஸ், பரந்த நிறம் மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டன. விலை 2,000 டொலர். ஆனாலும் இழுபறி முடியவில்லை. 4கேயில் 83 இலட்சம் பிக்சல். அதை 144 தடவை முழு நிறத்தோடு அனுப்ப செக்கனுக்கு 28 கிகாபிட்டுக்கு மேல் வேணும். அன்றைய டிஸ்பிளேபோர்ட் 1.4 சுமக்கக்கூடியது ஏறத்தாழ 26 தான். அதனால் 144 ஹெர்ட்ஸில் வைத்தால் நிறத் தகவலில் ஒரு பகுதியை வெட்டித்தான் அனுப்பினார்கள். முழு நிறம் வேணுமென்றால் வேகத்தை இறக்கவேணும்.

2024இல் எல்ஜி ஒரு ஓலெட் மொனிட்டரை வெளியிட்டது. ஒரு பட்டனை அமர்த்தினால் 4கே 240 ஹெர்ட்ஸிலிருந்து 1080பி 480 ஹெர்ட்ஸுக்கு மாறும். புதுமை என்று விளம்பரம் செய்தார்கள். குழாய்க் காலத்தில் சாதாரண மொனிட்டரில் சும்மா கிடைத்த அதே சுவிட்ச்தான் இது. இப்ப அதற்குத் தனியாகக் காசு.

அப்ப எதை வாங்குவது?

எங்களுக்கு இந்தக் கேள்வி சும்மா பொழுதுபோக்கு இல்லை. மொனிட்டரின் விலை டொலரில் இருக்கு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா, மே மாதத்தில் ஏறத்தாழ 360. வரியைச் சேர்க்காமலே 300 டொலர் மொனிட்டர் 60,000 ரூபாயிலிருந்து 108,000க்குப் போனது. ஒருக்கா வாங்கினால் நாலைந்து வருடம் அதோடதான். ஆகவே, தொழிற்சாலை எங்களுக்குப் பதிலாக எதைக் கொடுத்து எதை வாங்கியிருக்கு என்று பார்த்து வாங்கவேணும்.

முதலில் உங்கட கிராஃபிக்ஸ் அட்டையைப் பாருங்கோ. 4கே என்பது 1080பியைப் போல சரியாக நாலு மடங்கு வேலை. அட்டை இழுக்காவிட்டால் பெட்டியில் எழுதிய 144 வெறும் எழுத்துத்தான். பிறகு கேபிள் வாசலைப் பாருங்கோ. பழைய மடிகணினியின் எச்டிஎம்ஐ 2.0 வாசலில் முழு நிறத்தோடு 4கே 60 ஹெர்ட்ஸுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

நிறத்தில், எஸ்ஆர்ஜிபியை ஏறத்தாழ முழுதாகக் காட்டுகிறதா என்பதே முதல் கேள்வி. பேஸ்புக் போஸ்டருக்கும் பெரும்பாலான அல்ப வேலைக்கும் அது போதும். பரந்த நிறம் என்று விற்கிற மொனிட்டரில் எஸ்ஆர்ஜிபி மோட் இருக்கோ என்று பாருங்கோ. இல்லையென்றால் திரையில் மணமகளின் முகம் சிவந்து தெரியும், நீங்கள் சிவப்பைக் குறைப்பீங்கள், அல்பத்தில் முகம் வெளிறி வரும். காசு தர வேண்டியவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஓலெட்டில் நிறமும் வேகமும் அருமை. ஆனால் போட்டோஷொப்பின் கருவிப்பட்டி நாள்முழுக்க ஒரே இடத்தில் நின்றால் தழும்பு விழக்கூடும்.

இதையெல்லாம் வைத்துப் பார்க்கையில், இரண்டு வேலையும் சமமாகச் செய்கிற ஒருவருக்கு எங்கட தெரிவு 27 அங்குலம், 1440பி, ஐபிஎஸ், 144 ஹெர்ட்ஸ். பிக்சல் 1080பியை விட எழுபத்தெட்டு வீதம் கூட, 4கேயின் சுமை இல்லை. வருமானமே படத்தில் இருந்து வருகிறதென்றால் 4கே 60 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் எடுங்கோ. கேமை 1080பியில் ஓடவிட்டு, கிராஃபிக்ஸ் அட்டையின் அமைப்பில் முழு எண் பெருக்கத்தைத் தெரிவு செய்தால், ஒரு பிக்சல் சரியாக நாலு பிக்சலில் உட்காரும், படம் கலங்காது. வேகம் மட்டும் 60ஓடு நிற்கும். டிஎன் எவ்வளவு மலிவென்றாலும் படவேலைக்கு வேண்டாம்.

"கேமிங்", "டிசைன்" ஸ்டிக்கர்களைப் பார்த்து வாங்க வேண்டாம். அவை தொழிற்சாலை பிரித்த பாகத்தின் பெயர்கள். எங்கட மேசையில் அந்தப் பிரிவினை ஒருநாளும் நடக்கவில்லை.